கேதவீட்டில் பிள்ளைகள்: எந்த வயதில் எது புரிகிறது?

3 மார்ச் 2023. வில்பட்டியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

என் தாயார் சென்ற மாதம் காலமானார். என் மகளுக்கு ஐந்து வயது. எடுப்பு முடியும்வரை அவளை வத்தலக்குண்டில் மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். அப்பத்தா சாமியிடம் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னோம். இப்போது அப்பத்தா எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்கிறாள். ஏழு வயதுக்குமுன் பிள்ளைகளுக்குச் சாவு புரியாது என்று படித்திருக்கிறேன். ஆகவே இப்போது விளக்கிப் பயனில்லை, வளர்ந்தபின் தானே தெரிந்துகொள்வாள் என்பது என் எண்ணம். டீச்சர், நீங்கள் கொடைக்கானல் மேல்மலைப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தவர். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

மாற்றுக் கருத்து உண்டு. ஏழு வயது என்ற கணக்கை நானும் ஆசிரியப் பயிற்சியில் படித்தேன். ஆனால் சாவைப் புரிந்துகொள்வது ஒருநாள் காலையில் முழுதாக வந்து சேரும் ஒற்றை அறிவன்று. 1984ஆம் ஆண்டில் மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரெண்ட் என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதற்குள் மூன்று தனிச் செய்திகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். செத்தது மீண்டு வராது என்பது ஒன்று. செத்த உடம்பு எதையும் செய்யாது, எதையும் உணராது என்பது இன்னொன்று. உயிருள்ள எல்லாமே ஒருநாள் சாகும் என்பது மூன்றாவது. பெரும்பாலான பிள்ளைகள் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் இவற்றை எட்டிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன்படி உங்கள் மகள் சரியாக அந்த வயதின் வாசலில் நிற்கிறாள். ஏழுவரை காத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவள் தனியாகவே யோசித்துக்கொண்டிருப்பாள்.

எப்போது வரும் என்று அவள் கேட்பதை அறியாமை என்று கொள்ள வேண்டாம். ஒருவர் ஓரிடத்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால், திரும்பும் நாளைக் கேட்பதுதான் அறிவுள்ள பிள்ளை செய்வது.

4 மார்ச்

மூன்று செய்திகளும் வெவ்வேறு நேரத்தில் வருவதை நான் ஒரே நாளில் கண்டிருக்கிறேன், ஆதலால் அதை விரிவாக எழுதுகிறேன். மேல்மலையில் சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து பூண்டையும் உருளைக்கிழங்கையும் சுமைக்குதிரைகள்தாம் சாலைக்குக் கொண்டுவரும். நான் முன்பு வேலை பார்த்த ஊரில் அப்படியொரு குதிரை, பள்ளிக்கு மேலுள்ள சரிவில் மழையில் சறுக்கி விழுந்து செத்துப்போனது. குழி வெட்ட ஆள் வரும்வரை அது அங்கேயே கிடந்ததால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளைதோறும் வேலியருகே போய் நின்றுவிட்டார்கள். முதலில் ஒருவன் புல்லைப் பறித்து அதன் வாயருகே நீட்டிப் பார்த்தான். குதிரை தின்னவில்லை என்பதை, ஏதோ அது தங்களோடு சண்டை போட்டுக்கொண்டதைப்போல, எல்லாரும் என்னிடம் வந்து முறையிட்டார்கள்.

மதியத்துக்குப்பின் கேள்விகள் மாறிவிட்டன. "ஈ மொய்க்குதே, ஏன் டீச்சர் வாலை ஆட்டமாட்டேங்குது?" என்று ஒரு பெண் கேட்டாள். வாலால் ஈயை விரட்டாத குதிரையை அவள் அதற்குமுன் கண்டதில்லை. அதற்கு ஈ மொய்ப்பது தெரியாது, வலிக்காது, பசிக்காது, குளிராது என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பள்ளி விடும் நேரத்தில் அவர்களுடைய பேச்சு, குதிரைக்காரர் வேறு குதிரை வாங்கப் பணத்துக்கு என்ன செய்வார் என்பதற்குப் போய்விட்டது. மீண்டு வராது என்ற செய்தி சேர்ந்துவிட்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது செய்தியை மட்டும் யாரும் தொடவில்லை. தம்பியை அழைத்துப்போக வந்த நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எல்லாருந்தான் ஒருநா சாவாங்க" என்று போகிறபோக்கில் சொன்னாள். காலையில் புல்லை நீட்டிய அதே பையன், "எங்கம்மா சாகாது" என்று கத்திக்கொண்டு அவள்மேல் கல்லை எறிந்தான்.

4 மார்ச், பின்சேர்ப்பு

மலைப் பிள்ளைகள் எல்லாவற்றையும் முன்னதாகவே அறிந்துவிடுவார்கள் என்று மேலுள்ள குறிப்பைப் படிக்க வேண்டாம். கோழி அறுப்பதையும், சிறுத்தை நாயைத் தூக்கிப்போவதையும், வேலியில் சிக்கிய காட்டுமாட்டையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு முதலிரண்டு செய்திகள் விரைவில் சேரும். மூன்றாவது செய்திக்குக் கோழியைப் பார்த்த அனுபவம் உதவுவதில்லை. கோழி வேறு, அம்மா வேறு என்பதில் ஐந்து வயதுப் பிள்ளை மிகவும் உறுதியாக இருக்கிறது. நாற்பது வயதில் நாமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறோம்.

6 மார்ச்

பண்ணைக்காட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார்: அப்படியானால் சாமியிடம் போனதாகச் சொல்வது பொய்யா, இனி அதைச் சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் முதலில் எதைச் சொல்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பால் ஹாரிஸ், மார்த்தா ஹிமேனெஸ் இருவரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முதியவரின் சாவைக் கதையாகச் சொன்னார்கள். மருத்துவர் வந்து பேசும் கதையைக் கேட்டபோது கண் தெரியாது, மூளை வேலை செய்யாது என்று விடை சொன்ன பிள்ளைகள், பாதிரியார் வந்து பேசும் கதையைக் கேட்டபோது அவர் இன்னும் காண்கிறார், நினைக்கிறார் என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஏழு வயதினரைவிடப் பதினொரு வயதினரே அப்படி அதிகமாகச் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மடகாஸ்கரின் வேசோ மீனவர்களிடம் ரீட்டா அஸ்தூத்தி ஹாரிசோடு சேர்ந்து நடத்திய ஆய்விலும் இந்த வரிசையே தெரிந்தது. உடம்பு நின்றுபோவதைப் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். முன்னோர் கூடவே இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அதன்மேல் பிறகு வந்து அமர்கிறது. நாம் நேர்மாறாக, உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நம்பிக்கையை முதலில் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை அதை ஊர்ப்பயணமாகப் புரிந்துகொள்கிறது.

இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. ஓர் அமாவாசைக்கு மறுநாள் என் வகுப்புப் பெண் சொன்னாள்: "எங்க அப்பத்தா காக்காவா வந்து சோறு தின்னுச்சு டீச்சர், அதுக்குள்ள இன்னொரு காக்கா வந்து புடுங்கிருச்சு. அது யாரோட அப்பத்தான்னு தெரியல." அப்படியானால் அப்பத்தா சாகவில்லையா என்று கேட்டேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு, பொதச்சாச்சு" என்றாள்.

6 மார்ச், சற்றுப் பின்

தூங்குகிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள். சாக்காடு உறக்கம் போன்றது என்று வள்ளுவரே 339ஆம் குறளில் சொல்லியிருக்கிறாரே என்று இதற்குள் இருவர் எழுதிவிட்டார்கள். அவர் சொன்னது நிலையாமையை அறிய வேண்டிய பெரியவர்களுக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொன்னால் அன்றிரவு அதுவும் தூங்காது, நீங்களும் தூங்க முடியாது.

9 மார்ச்

கோத்தகிரியிலிருந்து எழுதியவர், கேதவீட்டில் பிள்ளைகளை நிறுத்துவது நம் வழக்கமே அன்று, தீட்டு, பயம், காத்துக்கருப்பு என்று பெரியவர்கள் விலக்கியே வைத்தார்கள் என்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பது யாருடைய வழக்கம்? பாட்டனோ பாட்டியோ இறந்தால், எடுப்புக்குமுன் நெய்யில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிக் கொளுத்திப் பேரப்பிள்ளைகளின் கையில் கொடுத்து, உடலைச் சுற்றி நிற்க வைக்கிறோம். கைக்குழந்தையாக இருந்தால் யாராவது தூக்கிக்கொண்டு அதன் கையைப் பிடித்தாவது பிடிக்க வைக்கிறார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன்மார் இருந்த சாவைக் கல்யாணச் சாவு என்று ஊர் சொல்லும். பிள்ளைக்கு அந்தச் சடங்கில் ஓர் இடமும், ஒரு வேலையும், பார்த்துக்கொள்ள அத்தைமாரும் சித்திமாரும் இருந்தார்கள். பிள்ளையை அப்புறப்படுத்தி வைக்கும் பழக்கம், நான் பார்த்தவரை, கார் வைத்து அப்புறப்படுத்த வசதி வந்த பிறகு வளர்ந்தது.

நீலகிரியைப் பற்றிப் பேசுவதானால், தோடர்களும் கோத்தர்களும் இறந்தவருக்கு ஒருமுறை எரியூட்டுச் சடங்கு செய்துவிட்டுப் பிறகு இன்னொரு காலத்தில் இரண்டாம் சடங்கு ஒன்றையும் செய்து வந்தவர்கள். அந்த இரண்டாவதும் முடிந்தால்தான் இறந்தவர் முழுதும் போனதாகக் கணக்கு. பெரியவர்களே சாவை இரண்டு தவணையில் ஏற்றுக்கொண்ட மலைகளில் வாழ்ந்துகொண்டு, ஒரு பிள்ளை ஒரே மாதத்தில் புரிந்துகொள்ளவில்லை என்று கவலைப்படுவதற்கில்லை.

ஆனாலும் கூட்டிப்போய் நிறுத்திவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. உடலைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். அவர்கள் பயப்படுவது நம்மைப் பார்த்துத்தான். கொட்டுச் சத்தத்தையும், மாரடித்து அழும் பெண்களையும், எப்போதும் அதட்டும் அப்பா தரையில் உருண்டு அழுவதையும் முன்னறிவிப்பில்லாமல் பார்க்கும் பிள்ளை நடுங்கிப்போகிறது. அங்கே என்ன நடக்கும், யார் அழுவார்கள், அப்பத்தாவின் மூக்கில் ஏன் பஞ்சு வைத்திருக்கும், கைகால் விரல்களை ஏன் கட்டியிருக்கும் என்பதை வழியிலேயே சொல்லிவிட வேண்டும். வர மறுக்கும் பிள்ளையை இழுத்துப்போகக் கூடாது. தொட்டுக் கும்பிடச் சொல்லி அழுத்தக் கூடாது. வாய்க்கரிசி போட மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். அதிகம் அழாத உறவினர் ஒருவர் அந்தப் பிள்ளையோடு கடைசிவரை இருக்க வேண்டும், அது கேட்டவுடன் வெளியே அழைத்துப் போகவும் வேண்டும். துயரத்தில் இருக்கும் தாய் தகப்பனால் இதைச் செய்ய முடியாது.

12 மார்ச்

கேதம் முடிந்த வீட்டுப் பிள்ளைகள் பொம்மையைப் பாடையில் வைத்துத் தூக்கி, தகரத்தைத் தட்டி, ஒப்பாரி வைத்து விளையாடுவதைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் அபசகுனம் என்று அடித்தார்களாம். அடித்திருக்க வேண்டாம். என் பள்ளி முற்றத்தில் இந்த விளையாட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பிணமாகப் படுக்கத்தான் போட்டி நடக்கும். படுத்தவன் சிரித்துவிட்டால் வேறொருவன் வந்து படுப்பான். அசையாமல், மூச்சு விடாமல், கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கிடப்பது எப்படி என்று ஒரு பிள்ளை தன் உடம்பிலேயே பார்த்துக்கொள்கிறது.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் பன்னிரண்டு வயதில், 1892ஆம் ஆண்டு, தகப்பனை இழந்தார். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென்று மரணபயம் பிடித்தபோது, அவர் பிணம்போலக் கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, செத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். பிறகு அவர் திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆனார். என் முற்றத்துப் பிள்ளைகள் யாரும் இதுவரை அப்படி ஆகவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சத்துணவுக்கு வரிசையில் நின்றார்கள்.

15 மார்ச்

சாவுக்குத் தான்தான் காரணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலை வாங்கிவரச் சொன்ன பாட்டியிடம் மாட்டேன் என்று எதிர்த்துப் பேசிய ஒரு பையன், அன்றிரவே பாட்டி இறந்ததால், ஒரு பருவம் முழுதும் எவர் எந்த வேலையைச் சொன்னாலும் ஓடி ஓடிச் செய்தான். எல்லாரும் அவனை நல்ல பிள்ளை என்று மெச்சினார்கள். காரணத்தை அவனாகவே ஒருநாள் சொன்னபோதுதான், அவன் எங்கள் எல்லாரையும் சாகாமல் காத்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது. சாவு ஏன் நேர்ந்தது என்பதை, அதாவது எந்த நோய், உடம்பில் எது நின்றது என்பதை, பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தைப் பிள்ளை தன்னைக் கொண்டே நிரப்பிக்கொள்ளும்.

21 மார்ச்

உடம்பைப் பற்றிச் சொன்னால் பயம் கூடாதா என்பது அடுத்த கேள்வி. விர்ஜீனியா ஸ்லாட்டரும் மிஷல் லயன்சும் 2003ஆம் ஆண்டில் காட்டியது இதற்குப் பயன்படும். பள்ளி செல்லுமுன் வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் இதயம், நுரையீரல், வயிறு முதலியவை உயிரைக் காக்க என்ன வேலை செய்கின்றன என்று கற்பித்தார்கள். அதன்பின் அந்தப் பிள்ளைகளின் சாவு பற்றிய அறிவும் தெளிவடைந்தது. ஸ்லாட்டர் பிறகு 2007இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தெளிவாகப் புரிந்துகொண்ட பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றிய பயம் குறைவாகவே இருந்தது. நான் வகுப்பில் செய்வது மிகவும் எளியது. பிள்ளைகளை மைதானத்தில் ஓட விட்டுவிட்டு வந்து, மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இது எப்போது நிற்கும் என்று ஒருவராவது கேட்காமல் அந்த வகுப்பு முடிந்ததில்லை.

எமனைப் பற்றிக் கேட்டவருக்கு: மரியா நாகி என்ற அம்மையார் புடாபெஸ்ட் நகரப் பிள்ளைகள் 378 பேரிடம் திரட்டியதை 1948இல் வெளியிட்டார். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்டவர்கள் சாவை வந்து பிடித்துப்போகும் ஓர் ஆளாகவே கண்டார்கள் என்றார் அவர். மற்ற நாடுகளில் பின்னர் தேடியவர்களுக்கு அது அவ்வளவாகக் கிடைக்கவில்லை. எருமையும் பாசக்கயிறுமாக நம்மிடம் ஓர் ஆள் ஆயத்தமாகவே இருந்தும், என் பிள்ளைகளுக்கு எமன் என்றால் சினிமாவில் சிரிக்க வைப்பவர்தான்.

2 ஏப்ரல்

கல்லெறிந்த பையனின் செய்திக்கு, எல்லாரும் சாவோம் என்பதற்கு, திரும்ப வருகிறேன். அது எப்படி வந்து சேர்கிறது என்று எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது குறிஞ்சி பூத்தபோதுதான். 2006இலும் 2018இலும் எங்கள் மலையில் பூத்தது. வகுப்போடு போய்ப் பார்த்தோம். பூத்து விதைத்த செடி பிழைப்பதில்லை. அடுத்த கோடையில் அதே வழியாகப் போனபோது சரிவு முழுவதும் குச்சியாகக் காய்ந்து நின்றது. தண்ணீர் ஊற்றாததால் செத்ததா என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை, எந்த நோயும் இல்லை, அதன் காலம் முடிந்தது என்று நான் சொன்னதை அவர்கள் லேசில் ஒப்பவில்லை. சாவென்றால் யாராவது ஏதாவது செய்திருக்க வேண்டும் என்பது அந்த வயதின் வழக்கறிவு.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கணக்குப் போடத் தொடங்கினாள். எங்கள் பக்கத்து மூதாட்டிகள் எத்தனை குறிஞ்சி கண்டோம் என்று சொல்லியே வயதை எண்ணுவார்கள். அந்த வழக்கில் அவள் வளர்ந்தவள். அடுத்தது 2030இல் என்று நான் சொன்னதும், அப்போது தனக்கு இருபது என்றாள், அம்மாவுக்கு நாற்பத்திரண்டு என்றாள். ஆத்தாவுக்கு என்று தொடங்கி விரல்விட்டு எண்ணி, நிறுத்திவிட்டாள். "அதுக்கு அடுத்த பூவுக்கு டீச்சர் இருப்பீங்களா?" என்று என்னைக் கேட்டாள். அநேகமாக இருக்க மாட்டேன் என்றேன். அதற்கும் அடுத்ததற்குத் தன் அம்மாவுக்கு என்ன வயது என்று எண்ணிப் பார்த்தாள், தன்னுடையதையும் எண்ணினாள். அழவில்லை. கூட்டல் சரியா என்று மட்டும் என்னைப் பார்க்கச் சொன்னாள், சரியாகத்தான் இருந்தது. எண் தெரிந்த பிறகு வருகிற அறிவு இது என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். நூறுவரை எண்ணத் தெரியாத பிள்ளையிடம் எல்லாரும் ஒருநாள் சாவோம் என்று சொன்னால், அது நாளைக்கே என்றுதான் கேட்கும்.

10 ஏப்ரல்

வில்பட்டிக்காரர் எழுதியிருக்கிறார். மகளிடம் அப்பத்தாவின் நெஞ்சு நின்றுபோனது, புதைத்தோம், இனி வராது என்று சொன்னாராம். அவள், "அப்ப அது சேலையெல்லாம் நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாளாம். மறுநாள் மீண்டும் எப்போது வரும் என்றாளாம். மீண்டும் அதையே சொல்லுங்கள், அலுக்காமல், அதே சொற்களில். சேலையில் ஒன்றைக் கொடுங்கள். புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டிப்போங்கள், வருடத் திதிவரை காத்திருக்கத் தேவையில்லை.

11 ஏப்ரல்

அவருடைய மூத்த மகனுக்குப் பதினொரு வயது, அவன் ஒன்றுமே கேட்கவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டதால் கவலையில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார். தம்பி, எனக்கு அந்த வரிதான் கவலை. அவனுக்கு மூன்று செய்திகளும் தெரியும், ஆகையால் கேட்க ஒன்றுமில்லை; ஆனால் கேள்விதான் ஐந்து வயதுப் பிள்ளையை நம்மிடம் தினமும் கொண்டுவந்து நிறுத்துகிறது, இவனை எதுவும் கொண்டுவராது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை கேதம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும் நாளில் நான் வகுப்பின் முன்னே வைத்து எதையும் விசாரிப்பதில்லை. மதியம் ஏதாவது ஒரு வேலைக்கு, நோட்டுகளை அடுக்கவோ அலமாரியைத் துடைக்கவோ, கூட நிறுத்திக்கொள்வேன். ஆத்தா என்ன குழம்பு நன்றாக வைப்பார் என்பது போன்ற ஒன்றைக் கேட்பேன். சிலர் பேசுவார்கள். சிலர் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களை மறுநாளும் கூப்பிடுவேன். நீங்கள் தோட்டத்துக்குப் போகும்போது அவனைக் கூட்டிப்போங்கள்.